நூற்றெட்டுத் தந்திகளும் ஒரு குரலும்

பாட முடியாமல் போனதால்தான் தபீதாள் கிதாரை எடுத்தாள்.

அவள் அப்பா அசரியா, கிழக்குத் தாம்பரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பூகோள வாத்தியாராக இருந்தார். அம்மா சீக்கிரமே போய்விட்டாள். வீட்டில் அப்பாவும் மகளும்தான். பதினைந்து வயதிலேயே சபைப் பாடகர் குழுவில் தபீதாளை முன்வரிசையில் நிறுத்திவிட்டார்கள். கிறிஸ்துமஸ் ஆராதனையில் மற்றவர்கள் மூச்சு வாங்குகிற இடத்தை அவள் நிற்காமல் தாண்டிப் போவாள். ஆலயமே அந்த ஒரு குரலைத் திரும்பிப் பார்க்கும். அசரியா மட்டும் அந்த நேரம் பார்த்துப் பாட்டுப் புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொள்வார். பெருமைப்படுவதை நாலு பேர் பார்த்துவிடக் கூடாது என்று அவருக்கு ஒரு கூச்சம்.

1959 மழைக்காலத்தில் அவளுக்கு இருமல் வந்தது. மழை நின்ற பிறகும் இருமல் நிற்கவில்லை. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், அசரியாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார். வெளியே வந்த அசரியா, ரிக்‌ஷாவில் ஏறும்போது அவள் சால்வையைச் சரிசெய்தார்.

காசநோய்க்காரர்களைச் சேர்த்துக்கொள்கிற சானடோரியம் ஒரு ஸ்டேஷன் தூரம்தான். சைக்கிளில் போய் வந்துவிடலாம். ஆனால் தெருக்காரர்களிடம், மகள் தெற்கே நாசரேத் ஊரில் அத்தை வீட்டில் தங்கித் தையல் படிக்கிறாள் என்று அசரியா சொல்லிவைத்தார். அது டி.பி. என்ற இரண்டெழுத்தைச் சொன்னாலே அடுத்த வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்துகிற காலம். தபீதாளுக்கும் அது தெரியும். இருந்தாலும், மாலையில் அப்பா பழத்தோடு வார்டுக்கு வரும்போதெல்லாம், "நாசரேத்துல மழையாப்பா?" என்று கேட்பாள். அவர் முகம் சுருங்கிப் போகும். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

ஒரு வருஷத்துக்கு மேல் அங்கே இருந்தாள். ஊசிகளுக்கு நோய் பாதிதான் கேட்டது. கடைசியில் அறுவை செய்து இடது நுரையீரலின் மேல்பகுதியை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் தையல் ஆறின பிறகு ஒருநாள், வார்டுக்குப் பின்னாலிருந்த வேப்பமரத்தடியில் நின்று, தனக்குப் பழக்கமான ஞானப்பாட்டு ஒன்றைப் பாடிப் பார்த்தாள். முதல் அடியின் பாதியிலேயே மூச்சு தீர்ந்துவிட்டது. விட்ட இடத்திலிருந்து மறுபடி பிடித்தாள். மறுபடி தீர்ந்தது. அதோடு வார்டுக்குத் திரும்பிவிட்டாள்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் டெய்சி. பரங்கிமலைக்காரி. ஆங்கிலோ இந்தியப் பெண். தபீதாள் வயதுதான். அவளிடம் ஒரு ஸ்பானிஷ் கிதார் இருந்தது. டெய்சிக்கு 'கார்டு' என்கிற ஸ்வரக்கூட்டில் மூன்றே மூன்று வாசிக்கத் தெரியும். அந்த மூன்றையும் தபீதாளுக்குக் காட்டிக் கொடுத்தாள். மற்றதையெல்லாம் இரண்டு பேருமாகத் தடவித் தடவிக் கண்டுபிடித்தார்கள். சிஸ்டர் ரவுண்ட்ஸ் வரும் சத்தம் கேட்டால் கிதார் போர்வைக்குள் போய்விடும். டெய்சியைக் கூட்டிப் போக வந்த அவள் குடும்பத்தார் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏற இருந்தார்கள். பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனார்கள். வார்டில் புழங்கிய பொருள் என்று கிதாரை எடுத்துப் போகவில்லை. டெய்சி அதைத் தபீதாளின் கட்டிலில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

வீடு திரும்பிய தபீதாள் டைப்ரைட்டிங் பரீட்சை எழுதி, குரோம்பேட்டையில் ஒரு சின்னத் தொழிற்சாலை ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தாள். பாடகர் குழுவில் மறுபடி கூப்பிட்டார்கள். தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டாள். இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. சேலைத் தலைப்பால் அதை மூடிக்கொள்வாள்.

கிதார் குழு 1964-ல் தொடங்கியது. யாரும் திட்டம் போட்டுத் தொடங்கவில்லை. ஆலயத்துக்குப் பக்கத்து பாரிஷ் ஹாலில் சனிக்கிழமைகளில் தபீதாள் தனியாக உட்கார்ந்து வாசிப்பாள். சபை வாலிபர்கள் இரண்டு பேர் கேட்க வந்தார்கள். பிறகு அவர்களே ஆளுக்கொரு பழைய கிதார் வாங்கி வந்தார்கள். ரயில்வே ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் இருந்த காலனியிலிருந்து ஸ்ரீரங்கன் வந்தான். பாங்கில் வேலை, நெற்றியில் ஸ்ரீசூர்ணம். கிறிஸ்தவ ஹாலுக்குள் செருப்பைக் கழற்ற வேண்டுமா, கூடாதா என்று முதல் நாள் வாசலிலேயே ரொம்ப நேரம் யோசித்தவன், பிறகு அந்தக் குழுவிலேயே சுத்தமாக வாசிக்கிறவன் ஆனான். இப்படிச் சேர்ந்து சேர்ந்து தபீதாளைத் தவிர பதினெட்டுப் பேர் ஆனார்கள். எல்லாரும் இருபதை ஒட்டிய வயது. தபீதாள்தான் மூத்தவள், எல்லாருக்கும் அக்கா. ஒரே ஸ்வரத்தைப் பதினெட்டுப் பேரும் வாசிப்பதில் என்ன இருக்கிறது என்று, அவர்களை நாலு வரிசையாகப் பிரித்தாள். முதல் வரிசைக்கு மெட்டு, கடைசி வரிசைக்குத் தடித்த தந்திகளின் கீழ்ஸ்தாயி. நடுவில் இரண்டு வரிசையும் இடத்தை நிரப்பும். எதிரே நின்று கையால் காட்டுவாள்.

சானடோரியத்தை அவள் மறக்கவில்லை. மாதம் ஒருமுறை கிதாரைத் தூக்கிக்கொண்டு போய் ஆண்கள் வார்டிலும் பெண்கள் வார்டிலும் வாசித்துவிட்டு வருவாள். அங்கே அகப்பட்டவன்தான் ஜெயவேலு. இரும்புலியூர்ப் பையன். லாரி ஷெட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது நோய் வந்தது. நீளமான விரல்கள். குணமாகி வெளியே வந்ததும் நேராக பாரிஷ் ஹாலுக்கு வந்து, "அக்கா, நானும் வர்லாமா?" என்று கேட்டான். கீழ்ஸ்தாயி வரிசையில் உட்கார வைத்தாள். அவனைப்போல வார்டிலிருந்து வந்தவர்கள் குழுவில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அதை யாரும் ஒளிக்கவுமில்லை, பேசிக்கொள்ளவுமில்லை.

அந்த ஹாலில் நடந்த ஒரு கல்யாண வரவேற்புக்குச் சாம்பசிவன் வந்திருந்தார். வடபழனியில் சினிமா இசைக்குழுக்களுக்கு நொட்டேஷன் எழுதுகிறவர், வீணைக்காரர். சொந்தமாக எழுதி வைத்ததை வாசிக்க ஆளில்லாமல் வருஷக்கணக்கில் வைத்திருந்தவர். குழு வாசித்து முடித்ததும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே தபீதாளிடம் வந்தார்.

"வீணையில வாசிக்கறதுக்கு நாலு தந்திதான். உங்ககிட்ட கிதாருக்கு ஆறா நூத்தெட்டு தந்தி இருக்கே அம்மா! இதுக்குன்னே நான் எழுதித் தந்தா வாசிப்பீங்களா?"

"எழுதினது கஷ்டமா இருக்குமா சார்?"

"கஷ்டமாத்தான் இருக்கும்."

"அப்ப வாசிக்கிறோம்" என்றாள்.

கஷ்டமாகத்தான் இருந்தது. கீரவாணி ராகத்தில் ஒரு நீளமான உருப்படி. ஒரு வரிசை தொடங்குகிற சங்கதியை அடுத்த வரிசை பாதியில் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்குகிற இடம் கேட்பவர்களுக்குத் தெரியக் கூடாது. கமகத்துக்காகத் தந்தியை இழுத்து இழுத்து எல்லாருடைய விரல் நுனியும் காய்த்துப் போனது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பெண் குரல், வார்த்தையே இல்லாமல் 'ஆ' என்ற அகாரத்திலேயே பாட வேண்டும். மூன்றாவது அடியில் அந்தக் குரல் மேல் ஷட்ஜத்தையும் தாண்டிப் போய், பதினெட்டு கிதாரும் கீழே நடந்துகொண்டிருக்க, மேலேயே நிற்க வேண்டும்.

இதைக் கேள்விப்பட்டுக் கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்த ஞானையா என்பவரும் தன் பங்குக்குப் புல்லாங்குழலும் கிதார்களுமாக ஓர் உருப்படி எழுதிக் கொடுத்தார். சாம்பசிவனுக்குத் தெரிந்த சின்ன இசைத்தட்டுக் கம்பெனி ஒன்று, இரண்டையும் ஒரே தட்டாகப் போட ஒப்புக்கொண்டது. பதினெட்டுப் பேர் உட்காரும்படி கம்பெனியில் இடமில்லாததால் டேப் ரிக்கார்டரைத் தாம்பரத்துக்கே கொண்டுவந்து ஹாலில் பதிவு செய்வதாக ஏற்பாடு. 1970 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை.

குரலுக்குச் சாம்பசிவன் மாம்பலத்திலிருந்து சுந்தரவல்லியைக் கூட்டி வந்தார். வானொலியில் பாடுகிறவள். முப்பது வயது இருக்கும். இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. முதல் ஒத்திகையில் அவள் மூன்றாவது அடிக்குப் போனபோது, காட்டிக்கொண்டிருந்த கையைத் தபீதாள் ஒரு கணம் மறந்துவிட்டாள். நாலு வரிசையும் குழம்பி நின்றது.

"என் மேலயா தப்பு?" என்று சுந்தரவல்லி கேட்டாள்.

"இல்லீங்க. என் மேல. மறுபடி போவோம்."

மூன்றாவது ஒத்திகை வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. அன்றைக்கு டீ வந்தபோது சுந்தரவல்லி, ஜெயவேலுவின் பக்கத்தில் வந்து நின்றாள். அவனுடைய கீழ்ஸ்தாயி ஷட்ஜத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் தொடங்குவாள்.

"உன் ஸா ரொம்ப ஸ்திரமா இருக்குப்பா. எங்கே கத்துண்டே?"

ஜெயவேலுவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "சானடோரியத்துல மேடம். நான் அங்க படுத்துகினு இருந்தேன் இல்ல, அப்ப அக்கா மாசா மாசம் கிதார் எடுத்துகினு வரும். கை சும்மாதானே கீதுன்னு பழகிக்கினேன்."

"சானடோரியத்துலயா?"

"ஆமா மேடம், டி.பி. இப்ப சுத்தமா பூட்ச்சு. அக்காவும் அங்க இருந்ததுதான். அதுக்கு ஆபரேசன்லாம் ஆச்சு."

சுந்தரவல்லி டீ கிளாஸை அப்படியே ஜன்னல் விளிம்பில் வைத்தாள். மீதி ஒத்திகையை வாசற்பக்கம் நின்று பாடினாள். வழக்கமாகப் போகிற ரயிலுக்கு முந்தின ரயிலிலேயே போய்விட்டாள். கிளாஸில் டீ ஏடு படிந்திருந்ததைத் தபீதாள் பார்த்தாள். எடுத்துப் போய்க் கழுவி வைத்தாள்.

இரண்டு நாள் கழித்துச் சாம்பசிவன் வீட்டுக்கே வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"சுந்தரவல்லி வரமாட்டேங்கறாங்க" என்றார். "அந்த வியாதி வந்தவங்க அன்னிக்கு ஹால்ல இல்லைன்னா வரேங்கறாங்க. கைக்குழந்தைக்காரி. நாலு பேர்தானே. பதினஞ்சு கிதாரை வச்சு நான் சமாளிச்சுடுவேன்."

"அந்த நாலுல நானும் ஒருத்தி சார்."

"தெரியும்மா."

"அப்ப யார் கை காட்டுவாங்க?"

சாம்பசிவன் தரையைப் பார்த்தார். "நான் காட்டறேன்."

உள்ளே பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்த அசரியா எழுந்து வந்து கதவருகில் நின்றார். ரிட்டயராக ஒரு வருஷமே இருந்தது. யாரிடமும் குரலை உயர்த்தாத மனிதர்.

"சார், இவளை நான் ஒரு தடவை நாசரேத்துக்கு அனுப்பிட்டேன். இன்னொரு தடவை அனுப்ப மாட்டேன்" என்றார்.

சாம்பசிவனுக்கு அது விளங்கவில்லை. தபீதாளுக்கு விளங்கியது. அவள் எழுந்து சமையலறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"யாரையும் நிறுத்த மாட்டேன் சார்" என்றாள். "அவங்க வரலைன்னா குரல் இல்லாமலே வாசிச்சிடுவோம். உங்க பாட்டு மூளியாத்தான் இருக்கும். என்னை மன்னிச்சுக்குங்க."

விஷயம் குழுவுக்குள் பரவிவிட்டது. அடுத்த நாள் அவள் ஆபீஸ் விட்டு வரும்போது குரோம்பேட்டை ஸ்டேஷனில் ஜெயவேலு காத்திருந்தான். முகம் பேயடித்த மாதிரி இருந்தது.

"நான் வாயை மூடிகினு இருந்திருக்கணும் அக்கா. நான் நின்னுக்குறேன். வார்டுல இருந்து வந்த மத்த ரெண்டு பேராண்டயும் பேசிட்டேன், அவங்களும் நின்னுக்குறாங்க. நீ மட்டும் எதுனா சொல்லிச் சமாளி. உனுக்குத்தான் வந்து பத்து வருசம் ஆச்சே."

"உன்கிட்ட என்ன தப்பு? கேட்டாங்க, சொன்னே. பொய் சொல்லச் சொல்றியா?"

"இன்னாக்கா பேஜாரு இது. ஒரு வருசமா அல்லாரும் விரல் தேய்ச்சாங்க. எங்களால கெடணுமா?"

"சனிக்கிழமை உன் எடத்துல நீ இல்லைன்னா நான் கையைத் தூக்க மாட்டேன். பாத்துக்க" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போகிற ரயிலை விட்டுவிட்டு, எதிர்த் திசையில் வந்த ரயிலில் ஏறினாள். மாம்பலத்தில் இறங்கினாள்.

சுந்தரவல்லியே கதவைத் திறந்தாள். இடுப்பில் குழந்தை. தபீதாளைப் பார்த்ததும் குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். மாற்றியதை உணர்ந்து அவள் முகமே சிவந்துபோனது. குழந்தையை உள்ளே விட்டுவிட்டு, நாற்காலி ஒன்றை வெளி வராந்தாவில் கொண்டுவந்து போட்டாள். காபி கண்ணாடி டம்ளரில் வந்தது. இந்த டம்ளர் மறுபடி சமையலறைக்குள் போகாது என்று தபீதாளுக்குத் தெரியும். குடித்தாள்.

"கோபமா இருப்பேள்" என்றாள் சுந்தரவல்லி.

"வரும்போது இருந்துச்சு."

"எனக்கு ஒரு அக்கா இருந்தா. காமு. என்னைவிட அவதான் நன்னாப் பாடுவா. அவளுக்கு வந்துது. அப்பா வெளியில டைஃபாய்டுன்னு சொன்னார். கொல்லை ரூம்ல வச்சிருந்தா. நான் ஜன்னல் கம்பி வழியாப் பாப்பேன். அவ பாடம் சொல்லித் தருவா, நான் வெளியில நின்னு சொல்லுவேன். அவ போனப்புறம் மெத்தை, பாய், அவ சுருதிப்பெட்டி எல்லாத்தையும் கொல்லையில போட்டுக் கொளுத்தினா. அந்தப் பெட்டியோட துருத்தித் தோல் பொசுங்கற நாத்தம் இன்னிக்கும் எனக்கு வரும்."

தபீதாள் காலி டம்ளரைத் தரையில் வைத்தாள்.

"எனக்குச் சரியாகி ஒன்பது வருஷம் ஆச்சு. ஜெயவேலுவுக்கும் சுத்தமா போயிடுச்சு. இனிமே யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டரே சொல்லியிருக்காரு."

"எனக்கும் தெரியும். டாக்டர்கிட்ட நானும் கேட்டுண்டேன். தெரிஞ்சும், குழந்தையைத் தூக்கிக்கறப்போ அந்தக் கொல்லை ரூம்தான் ஞாபகம் வரது. என்ன பண்ணட்டும்?"

"உங்களைக் கட்டாயப்படுத்த வரல. நான் யாரையும் நிறுத்தப் போறதில்லைன்னு நேர்ல சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். அடுத்தவங்க வாயால வர்றப்ப அது வேற மாதிரி கேக்கும்." எழுந்துகொண்டாள். படியிறங்கப் போனவள் நின்றாள். "மூணாவது அடியில மேல போய் நிக்கறீங்களே, அங்க மூச்சை எங்க வாங்கறீங்க? நான் மூணு ஒத்திகையும் பாத்தேன், கண்டுபிடிக்க முடியல."

"நீங்க பாடுவேளா?"

"பாடிக்கிட்டிருந்தேன்" என்றாள் தபீதாள்.

சுந்தரவல்லியின் கண் அவளுடைய இறங்கிய தோளில் ஒரு கணம் நின்று விலகியது. "ரெண்டாவது அடி முடியறதுக்கு முன்னாடியே, அந்த நிஷாதத்துல வாங்கிண்டுடுவேன்" என்றாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை பொன்னுசாமி என்ற ஒலிப்பதிவாளர் வேனில் டேப் ரிக்கார்டரோடு வந்தார். கதவு ஜன்னல்களுக்கெல்லாம் ஜமக்காளம் கட்டினார்கள். முதலில் ஞானையாவின் உருப்படி. புல்லாங்குழல்காரர் வந்து வாசித்துவிட்டுப் போனார். ரயில் கூவுகிறபோது நிறுத்தி, விமானப்படைத் தளத்திலிருந்து பயிற்சி விமானம் தலைக்கு மேல் போகும்போது நிறுத்தி, மதியத்துக்குள் அது முடிந்தது. ஜெயவேலு தன் இடத்தில் இருந்தான். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு டாக்சி வந்து நின்றது. சுந்தரவல்லி இறங்கினாள். கூடவே அவள் கணவர் ராஜகோபாலன். ஹாலுக்குள் வராமல், சாம்பசிவனைக் கூப்பிட்டு ராஜகோபாலன் ஏதோ சொன்னார். ஹாலை ஒட்டி, பாடகர் குழுவின் அங்கிகளை மாட்டி வைக்கிற சின்ன அறை ஒன்று இருந்தது. அங்கே தனி மைக் போட்டுக் கொடுத்தால் பாடுவாள், கதவைச் சாத்திக்கொள்வாள் என்பதுதான் செய்தி.

சாம்பசிவன் அதை மெல்லத்தான் சொன்னார். ஆனாலும் பதினெட்டுப் பேரும் கேட்டுவிட்டார்கள். ஸ்ரீரங்கன் கிதாரைப் பெட்டிக்குள் வைக்க ஆரம்பித்தான். "இது என்னக்கா? இதுக்கு அவங்க வராமலே இருந்திருக்கலாம். வாங்க, கிளம்பலாம்."

தபீதாளின் முகம் வெளுத்துவிட்டது. அறைந்தது மாதிரிதான் இருந்தது அவளுக்கு. ஆனால் கொல்லை அறையின் ஜன்னல் கம்பிகளும் அவள் நினைவுக்கு வந்தன. அந்தப் பயத்தோடு இவ்வளவு தூரம் வந்திருக்கிறாளே என்று இருந்தது. "பெட்டியை மூடாதே ரங்கா" என்றாள். "அவங்களால முடிஞ்சது இவ்வளவு. நம்மளால முடிஞ்சதை நாம வாசிப்போம்."

பொன்னுசாமி அந்த அறைக்கு ஒயர் இழுத்தார். பதிவு தொடங்கியது.

முதல் முறை, சுந்தரவல்லி அரை அட்சரம் தாமதமாக வந்தாள். இரண்டாம் முறை முந்திக்கொண்டாள். சாத்திய கதவுக்குள் தபீதாளின் கை தெரியவில்லை. கிதார்கள் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்டன. ஜெயவேலுவின் ஷட்ஜம் கேட்கவேயில்லை. மூன்றாம் முறை சுருதியே விலகியது. பொன்னுசாமி தலையில் மாட்டியிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றி, "ஆகாது சார்" என்றார். கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தார்கள். அப்போதும் ஆகவில்லை. ஏழோ எட்டோ தடவை. எல்லார் சட்டையும் நனைந்துவிட்டது. சங்கதி மாறுகிற இடத்தில் வரிசைகளும் தடுமாறத் தொடங்கின.

கடைசியாகப் பிசகியபோது அறைக்குள் ஏதோ இழுபடுகிற சத்தம் கேட்டது. கதவு முழுசாகத் திறந்தது. சுந்தரவல்லி மைக் ஸ்டாண்டைத் தானே தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தாள். "பார்த்து, பார்த்து, ஒயரு!" என்று பொன்னுசாமி பின்னாலேயே ஓடிவந்தார். வாசலில் நின்ற ராஜகோபாலன், "வல்லி!" என்றார்.

"கண்ணைக் கட்டிண்டு பாடற மாதிரி இருக்கு. ஸா கேக்கல, தபீதாள் கை தெரியல. இப்படியெல்லாம் பாட முடியாது" என்று அவரிடமும் பொதுவாக எல்லாரிடமும் சொன்னபடி, நேராகக் கடைசி வரிசைக்குப் போனாள். ஜெயவேலுவுக்கு இரண்டடி தள்ளி ஸ்டாண்டை நிறுத்தினாள். கோபத்திலும் வியர்வையிலும் குங்குமம் கலைந்திருந்தது. பயம் போய்விட்டதா என்றால் இல்லை. ஜெயவேலுவின் பக்கம் அவள் முகத்தைத் திருப்பவேயில்லை. ஆனால் இன்னொரு தடவை தப்பாகப் பாட அவளால் முடியாது.

தபீதாள் கையைத் தூக்கினாள். உருப்படி தொடங்கியது. இந்தத் தடவை எல்லாம் சேர்ந்து வந்தது. ஜெயவேலு மட்டும் உதட்டை இறுக்கி, மூச்சைக்கூட மூக்கால் திருடித் திருடி விட்டுக்கொண்டு வாசித்தான். தொண்டையைச் செருமிவிட்டால்கூட மேடம் ஓடிவிடுவார்களோ என்று அவனுக்குப் பயம். இரண்டாவது அடி முடியும் நேரம். நிஷாதத்தில் சுந்தரவல்லி மூச்சை வாங்கினாள். மூடிய ஹாலில் ஜமக்காளத்துத் தூசி. மூச்சோடு அதுவும் போனது. மூன்றாவது அடிக்குப் பதிலாக இருமல் வந்தது. நிற்காத இருமல். கண்ணில் நீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருமினாள்.

பதினெட்டு கிதாரும் நின்றன. யாருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அந்த அமைதியில் ஜெயவேலு, அடக்கி வைத்திருந்த மூச்சையெல்லாம் ஒன்றாக விட்டுவிட்டு, "இன்னா மேடம், நான் இம்மா நேரம் செத்துகினு கீறேன், நீங்க இருமுறீங்க!" என்றான்.

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவனுக்கே உறைத்தது. தபீதாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

சுந்தரவல்லி முதலில் அவனை வெறித்துப் பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமலுக்கு நடுவே சிரிப்பு, சிரிப்புக்கு நடுவே இருமல். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பொன்னுசாமி சிரித்தார். கொஞ்ச நேரத்தில் ஹால் முழுக்கச் சிரிப்பு. வாசலில் நின்ற ராஜகோபாலன்கூடக் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். தபீதாள் ஓடிப்போய்ப் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு வந்தாள். கொடுக்கும்போது டம்ளரைப் பார்த்துத் தயங்கினாள். சுந்தரவல்லி அதை வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "போதும், போலாம்" என்றாள்.

அடுத்த தடவை சரியாக வந்தது. மூன்றாவது அடியில் குரல் மேலே போய் நின்றபோது தபீதாளின் கை பிசகவில்லை. ஆனால் அவளும் தன்னை அறியாமல் நிஷாதத்தில் மூச்சு வாங்கியிருந்தாள். அந்த மூச்சு அவளுக்குப் பாதி வழிதான் வந்தது. அதற்கு மேல் சுந்தரவல்லி பாடி முடித்தாள். சாம்பசிவன் ஒரு மூலையில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

இசைத்தட்டு அந்த வருஷம் ஜூலையில் வந்தது. பிரமாதமாக ஒன்றும் விற்கவில்லை. சினிமாப் பாட்டும் இல்லாமல், பக்திப் பாட்டும் இல்லாமல், வார்த்தையே இல்லாத பாட்டை யார் வாங்குவார்கள்? வானொலியில் ஒரு மாலை ஒலிபரப்பினார்கள். அசரியா சார் வீட்டு ரேடியோவைச் சுற்றித் தெருவே உட்கார்ந்திருந்தது. கேட்டு முடித்ததும் பக்கத்து வீட்டுக்காரர், "உங்க மகள் இதையெல்லாம் எங்க சார் கத்துக்கிச்சு?" என்று கேட்டார்.

"சானடோரியத்துல" என்றார் அசரியா. "அங்க ஒரு வருஷத்துக்கு மேல இருந்தா. நாசரேத்னு நான் சொன்னது பொய்."

அந்த வீட்டுக்காரர் சில நாள் அவர்கள் பக்கம் வரவில்லை. பிறகு வந்தார். ஜெயவேலு பெண் பார்க்கப் போன இடங்களில் தானாகவே வியாதியைச் சொல்லி, மூன்று இடம் தட்டிப் போய், நாலாவது இடத்தில் கல்யாணம் ஆனது. தபீதாளும் மற்ற பதினேழு பேரும் போய் வாசித்துவிட்டு, சுந்தரவல்லி குடும்பத்தோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு வந்தார்கள்.

தபீதாள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டு வந்த ஒருவர் கிதாரை விட்டுவிட வேண்டும் என்றார். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்க விடவில்லை. சுந்தரவல்லியும் அவளும் சிநேகிதிகள் ஆனார்கள் என்று சொல்லலாம். ஆனால் பார்க்கிறவர்களுக்கு அப்படித் தெரியாது. 1974-ல் இரண்டாவது தட்டுக்கு ஒத்திகை பார்த்தபோது காலப்பிரமாணத்தை வைத்து இரண்டு பேருக்கும் பெரிய சண்டை. சுந்தரவல்லிக்குத் துரிதமாக வேண்டும், தபீதாளுக்கு நிதானமாக. "உங்களுக்கு மூச்சு இருக்குங்கறதுக்காக எல்லாரும் ஓடணுமா?" என்று தபீதாள் கேட்டுவிட்டாள். இரண்டு மாசம் பேச்சில்லை. பிறகு ஒருநாள் சுந்தரவல்லி மகளையும் கூட்டிக்கொண்டு தாம்பரத்தில் வந்து இறங்கி, "சரி, உங்க வேகத்துலயே பாடறேன். ஆனா தப்பு உங்க மேலதான்" என்றாள். அந்தத் தட்டு முந்தினதைவிடக் குறைவாக விற்றது. அது யாருடைய வேகத்தால் என்று இரண்டு பேரும் அதற்கப்புறமும் ரொம்ப வருஷம் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.